கணையக் குழாய் சுருங்கினால் ஸ்டென்ட்டா, ஆபரேஷனா?

என் தம்பிக்கு முதல் ஸ்டென்ட் வைத்த அன்று நாங்கள் எதையும் எதோடும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. கணையத்தின் குழாய் ஓரிடத்தில் சுருங்கியிருக்கிறது, வாய் வழியாக என்டோஸ்கோப்பி விட்டு உள்ளே ஒரு பிளாஸ்டிக் குழாய் வைத்துவிட்டால் வலி போய்விடும், நாளைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அம்மா அவர்களைக் கும்பிடாத குறை. கையெழுத்துப் போட்டோம். அடுத்த மூன்று வருஷத்தில் ஆறு தடவை அதே வேலை, அதே மயக்க மருந்து, அதே பில். ஏழாவது தடவை வேறோர் ஊருக்குப் போனபோது ஒரு சர்ஜன் ஃபைலை முழுக்கப் புரட்டிவிட்டு, "இவ்வளவு நாள் ஏன் யாரும் ஒரு சர்ஜன்கிட்ட அனுப்பலை?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை, ஏனென்றால் அப்படி ஒரு வழி இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

நான் டாக்டர் இல்லை. மூன்று வருஷம் ஃபைல் தூக்கிய அக்கா. அந்த மூன்று வருஷத்தில் டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை, இதே முடிவை இப்போது எடுக்க வேண்டியவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிப் படுத்துக்கிடக்கும் உறுப்பு. ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் அளவுக்குச் செரிமான நீர் சுரக்கிறது. அது வால் பக்கத்திலிருந்து தலைப் பக்கம் வரை ஓடும் ஒரு முக்கியக் குழாய் வழியாகத்தான் சிறுகுடலுக்கு வர வேண்டும். அந்தக் குழாய் தலைப் பக்கம் சுமார் 3 மில்லிமீட்டர், நடுவில் 2, வாலில் 1. இவ்வளவு ஒல்லியான ஒன்றில் ஓரிடம் தழும்பாகி இறுகிவிட்டால், அதற்குப் பின்னால் நீர் தேங்கி, குழாய் ஊதி, அழுத்தம் ஏறி, வலி வருகிறது. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் போகும் வலி. சாப்பிட்டால் கூடும், குனிந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கொஞ்சம் குறையும். தம்பி ஒன்றரை வருஷம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான், கேஸ் என்றும் அல்சர் என்றும் மாத்திரை தின்றுகொண்டு.

அவன் குடிக்கிறவன் இல்லை. ஆனால் கணையம் என்று சொன்னதும் வார்டில் பாதிப் பேர் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. குழாய் இப்படித் தழும்பாவது பெரும்பாலும் நாள்பட்ட கணைய அழற்சியால், அதாவது கணையம் வருஷக்கணக்கில் அழன்று புண்ணாவதால். அதற்குக் குடி ஒரு முக்கியக் காரணம்தான், புகையும் அப்படியே. ஆனால் நம் பக்கம், குறிப்பாகக் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும், மதுவைத் தொடாத இளவயதுக்காரர்களுக்குப் பெரிய பெரிய கால்சியக் கற்களோடும் ஊதிப்போன குழாயோடும் வரும் ஒரு வகை இருக்கிறது. கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் இதைப் பற்றி விரிவாக எழுதினார். ஒரு காலத்தில் மரவள்ளிக்கிழங்கின் மேல் பழி போட்டார்கள், அது நிரூபணமாகவில்லை. ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் உள்ள மாற்றம் இவர்களில் பலருக்கு இருப்பது பின்னர் தெரியவந்தது. ஆகவே நோயாளியைக் குற்றவாளியாக நடத்தாதீர்கள், தயவுசெய்து. குடிக்கிறவராக இருந்தாலும் வலி வலிதான்.

சுருக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. சைக்கிள் ஹேண்டில்பார் வயிற்றில் குத்திய குழந்தை, சீட் பெல்ட் அழுத்திய விபத்து, கடுமையான கணைய அழற்சி வந்து ஆறிய தழும்பு, முன்பு கணையத்தில் ஆபரேஷன் செய்து குடலோடு தைத்த இடம். இவை எல்லாவற்றையும் விட முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இது புற்றுநோயா? ஓரிடத்தில் மட்டும் திடீரென்று குழாய் அறுந்ததுபோல் நின்று, பின்னால் ஊதியிருந்தால், கல்லும் இல்லையென்றால், இந்தச் சந்தேகம் தீராமல் எந்தச் சிகிச்சைக்கும் அவசரப்படக் கூடாது. பித்தக் குழாயும் கணையக் குழாயும் சேர்ந்து ஊதியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகச் சுகர் வந்து, கூடவே எடையும் காரணமில்லாமல் இறங்கினால் அதுவும் ஓர் எச்சரிக்கை மணி. ஏற்கெனவே நாள்பட்ட கணைய அழற்சி இருக்கிறவர்களுக்குப் புற்றுநோய் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதால், பழைய நோய்தானே என்று இருந்துவிடவும் முடியாது. சிஏ 19-9 என்ற ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். மஞ்சள் காமாலை இருந்தாலே அது ஏறும், சிலருடைய உடம்பு அதைத் தயாரிப்பதே இல்லை.

சரி, எந்த ஸ்கேன்? வயிற்று அல்ட்ராசவுண்டில் குடலின் காற்று மறைத்துக்கொள்வதால் கணையம் பாதி நேரம் சரியாகத் தெரியாது, அது நார்மல் என்று வந்ததை வைத்து நாங்கள் நிம்மதியானது எங்கள் முதல் தவறு. சாயம் ஏற்றி, கணையத்துக்கென்றே நேரம் பார்த்து எடுக்கும் சிடிதான் தொடக்கம். கல்லும் கட்டியும் பக்கத்து ரத்தக் குழாய்களும் அதில் தெரியும், ஆனால் கல் இல்லாத சின்னச் சுருக்கம் தப்பிவிடலாம். எம்ஆர்சிபி என்பது எம்ஆர்ஐ மெஷினில் எடுக்கும் படம், கதிர்வீச்சு கிடையாது, உள்ளே தேங்கிய நீரே வெள்ளையாகப் பளிச்சென்று தெரிவதால் குழாய் முழுவதையும் ஒரு வரைபடம் போலப் பார்க்கலாம். எங்கே சுருங்கியிருக்கிறது, எவ்வளவு நீளம், ஒன்றா பலவா என்பதற்கு இதைவிட நல்ல முதல் படம் இல்லை. இதன் குறை, கால்சியம் நேரடியாகத் தெரியாது, கருப்பு ஓட்டையாகத்தான் தெரியும். அதனால்தான் சிடியும் எம்ஆர்சிபியும் இரண்டும் எழுதுகிறார்கள். இரண்டு தடவை பணம் பிடுங்குகிறார்கள் என்று நானும் நினைத்தேன், அப்படி இல்லை.

புற்றுநோய்ச் சந்தேகம் கொஞ்சமாவது இருந்தால் அடுத்தது ஈயூஎஸ். என்டோஸ்கோப்பி நுனியில் அல்ட்ராசவுண்ட் பொருத்தி, இரைப்பைக்குள்ளிருந்து கணையத்தை ஒட்டிப் பார்ப்பது. அங்கிருந்தே ஊசி விட்டுச் சதை எடுக்கலாம். பார்க்கிறவர் கையைப் பொறுத்து மாறும் பரிசோதனை இது, அதனால் தினமும் செய்கிற இடத்தில் செய்வது நல்லது. ஊசியில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் சந்தேகம் பலமாக இருந்தால் டாக்டர் திரும்ப எடுக்கச் சொல்லலாம், அதற்குக் கோபப்படாதீர்கள். ஐஜிஜி4 என்ற ரத்தப் பரிசோதனையையும் கேட்டுப் பாருங்கள். உடம்பே தன் கணையத்தைத் தாக்கும் ஒரு நோயில் குழாய் நீளமாகவோ பல இடங்களிலோ சுருங்கும், ஆனால் பின்னால் பெரிதாக ஊதியிருக்காது. ஸ்டீராய்டு மாத்திரையில் அது விரியும். அதைப் புற்றுநோய் என்று நினைத்து வயிற்றைத் திறந்தவர்களும் உண்டு.

ஈஆர்சிபியைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்கிறேன். என்டோஸ்கோப்பி வழியாகக் குழாயின் வாய்க்குள் நுழைந்து சாயம் விட்டு எக்ஸ்ரே எடுப்பது, ஸ்டென்ட் வைப்பதும் இதே வழியில்தான். 1960களின் கடைசியில் வந்தபோது கணையக் குழாயைப் பார்க்க வேறு வழியில்லை, அதனால் பார்ப்பதற்கே அதைச் செய்தார்கள். இன்றைக்குப் பார்ப்பதற்கு எம்ஆர்சிபியும் ஈயூஎஸ்ஸும் இருக்கின்றன. ஈஆர்சிபி செய்தவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் பத்துப் பேருக்கு அதனாலேயே கணைய அழற்சி வரும், சிலருக்குக் கடுமையாக. எனவே "சும்மா உள்ளே போய்ப் பார்த்துடலாம்" என்று யாராவது சொன்னால், எம்ஆர்சிபியில் தெரியாத எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள். உள்ளே போனால் ஏதாவது சிகிச்சை செய்யத்தான் போக வேண்டும். அழற்சியைக் குறைக்க ஆசனவாய் வழியே வைக்கும் இண்டோமெத்தசின் அல்லது டைக்ளோஃபெனாக் மருந்து உண்டு, அதைக் கொடுப்பீர்களா என்றும் கேட்கலாம்.

இனி சிகிச்சை. வலி இல்லை, புற்றுநோய் இல்லை என்று தெரிந்துவிட்டது, சுருக்கம் மட்டும் ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்தது என்றால் பெரும்பாலும் கண்காணிப்பு போதும். படத்தைத் திருத்துவதற்காகக் குழாயில் கை வைக்க வேண்டியதில்லை. வலி இருக்கிறவர்களுக்கு எந்த வழியில் போனாலும் குடியும் புகையும் நிற்க வேண்டும், செரிமான நொதி மாத்திரை வேண்டியவர்களுக்கு அது சரியான அளவில் வேண்டும். பெரிய சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 யூனிட் என்பது வழக்கமான அளவு, தம்பிக்கு எழுதியிருந்ததோ 10,000. அதையும் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். சோற்றோடு சேர்த்துப் போட வேண்டிய மாத்திரை அது. (பன்றிக் கணையத்திலிருந்து எடுப்பது என்பதால் வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் மறைக்காமல் டாக்டரிடம் பேசிவிடுங்கள், சொல்லாமல் நிறுத்திவிடுவதுதான் ஆபத்து.)

இவற்றுக்கும் அடங்காத வலி என்றால்தான் ஸ்டென்ட்டா, ஆபரேஷனா என்ற கேள்வி வருகிறது.

ஸ்டென்ட்டின் பக்கத்தை முதலில் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். வயிற்றைக் கிழிக்க வேண்டாம். குழாயின் வாயைச் சிறிது வெட்டி, சுருங்கிய இடத்தைப் பலூனால் விரித்து, சுமார் 3.3 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் குழாயை வைக்கிறார்கள். 5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கல் தலையிலோ நடுவிலோ அடைத்திருந்தால் முதலில் கிட்னிக் கல்லை உடைக்கிற மாதிரி வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைக்கிறார்கள். ஹைதராபாத்தில் உள்ள ஏஐஜி மருத்துவமனையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு இப்படிச் செய்து முடிவுகளை வெளியிட்டிருக்கிறார்கள், நம் நாட்டில் இதில் நல்ல அனுபவம் இருக்கிறது. தலைப் பக்கம் ஒரே ஒரு சுருக்கம், கல் இல்லை அல்லது உடைத்து எடுத்தாகிவிட்டது, நோய் வந்து அதிக நாள் ஆகவில்லை என்றால் ஸ்டென்ட் நன்றாகவே வேலை செய்யலாம். வயதானவர், இதயம் பலவீனமானவர், பெரிய ஆபரேஷனுக்கான மயக்க மருந்தைத் தாங்காதவர், ஆபரேஷனே வேண்டாம் என்று உறுதியாக இருப்பவர், இவர்களுக்கு அதுதான் வழி. விபத்தில் குழாய் காயப்பட்ட சில குழந்தைகளுக்கும் அது பெரிய உதவி.

ஆனால் அது ஒரு தடவையில் முடிகிற வேலை கிடையாது, இதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. பிளாஸ்டிக் ஸ்டென்ட் சில மாதங்களில் அடைத்துக்கொள்ளும், நகரும், சில சமயம் உள்ளே போய்விடும். ஐரோப்பிய என்டோஸ்கோப்பி சங்கம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இதற்குக் கணக்கே இருக்கிறது: முதல் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் வலி குறைந்ததா என்று பார்க்க வேண்டும், குறையவில்லை என்றால் சர்ஜன் உட்பட எல்லாரும் உட்கார்ந்து பேச வேண்டும்; குறைந்தால் ஒரு வருஷம் தொடர்ந்து ஸ்டென்ட் வைத்து, இடையில் குறைந்தது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுக்க வேண்டும்; ஒரு வருஷத்துக்குப் பிறகும் சுருக்கமும் வலியும் இருந்தால் ஆபரேஷனையோ பக்கத்தில் பக்கத்தில் பல ஸ்டென்ட் வைப்பதையோ யோசிக்க வேண்டும். எங்கள் ஃபைலில் மூன்று வருஷத்துக்கும் சேர்த்து ஒரு சர்ஜனின் கையெழுத்துகூட இல்லை.

ஏஐஜியைச் சேர்ந்த டாக்டர்களே டென்மார்க் குழுவோடு சேர்ந்து செய்து 2024இல் வெளியிட்ட ஓர் ஆய்வையும் சொல்ல வேண்டும், அது துணிச்சலான வேலை. நூற்றுக்கும் சற்று மேற்பட்ட நோயாளிகளில் ஒரு பாதிக்கு அதிர்வலையும் என்டோஸ்கோப்பியும் உண்மையாகச் செய்தார்கள், மறு பாதிக்குச் செய்வதுபோல் மட்டும் செய்தார்கள், யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. 12 வாரத்தில் உண்மையான சிகிச்சை பெற்றவர்களுக்கு வலி கொஞ்சம் அதிகம் குறைந்திருந்தது. 24 வாரத்தில் அந்த வித்தியாசமும் நிற்கவில்லை. ஸ்டென்ட் வைத்த புதிதில் தம்பி நன்றாக இருந்ததும், இரண்டு மூன்று மாதத்தில் பழையபடி ஆனதும் இதைப் படித்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது.

ஆபரேஷன் என்றால் என்ன? குழாய் நன்றாக ஊதியிருந்தால் அதை நீளவாக்கில் திறந்து, கற்களை எடுத்து, சிறுகுடலின் ஒரு பகுதியை மேலே கொண்டுவந்து அதோடு தைத்துவிடுகிறார்கள். இனி நீர் அந்தச் சுருக்கத்தைத் தாண்ட வேண்டியதே இல்லை, நேராகக் குடலில் விழும். தலைப் பகுதி தடித்திருந்தால் அங்கே சதையைக் குடைந்து எடுப்பதையும் சேர்த்துச் செய்வது ஃப்ரே ஆபரேஷன், 1980களிலிருந்து நடக்கிறது, நம் ஊரில் பெரிய கல்லோடு வருகிறவர்களுக்கு அதிகம் செய்வது இதுதான். புற்றுநோய்ச் சந்தேகம் தலையில் தீரவில்லை என்றால் விப்பிள், கணையத்தின் தலையையும் அதை ஒட்டிய குடலையும் எடுத்துவிடுவது, அது இன்னும் பெரிய ஆபரேஷன். குழாய் ஊதாமல் ஒல்லியாகவே இருந்தால் இந்தத் தையல் வேலை கடினம், அப்போது கணக்கு வேறு.

பயம் எங்களுக்கும் இருந்தது. ஒரு வாரம் பத்து நாள் ஆஸ்பத்திரி, ஒன்றரை இரண்டு மாதம் ஓய்வு, தைத்த இடம் கசியலாம், ரத்தம் கசியலாம், தொற்று வரலாம். சர்ஜன் சொன்ன ஒரு விஷயம் எனக்கு ஆறுதலாக இருந்தது: நாள்பட்ட நோயில் கணையம் இறுகிக் கெட்டியாகிவிடுவதால் தையல் நன்றாகப் பிடிக்கும், மிருதுவான கணையத்தில்தான் கசிவு அதிகம்.

இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தவர்கள் நெதர்லாந்துக்காரர்கள். 2007இல் வெளியான ஆய்வில் 39 பேர். இரண்டு வருஷம் கழித்து ஆபரேஷன் செய்தவர்களில் 75 சதவீதம் பேருக்கு வலி போயிருந்தது அல்லது குறைந்திருந்தது, என்டோஸ்கோப்பி செய்தவர்களில் 32 சதவீதம் பேருக்குத்தான். பிற்பாடு தொடர்ந்து பார்த்தபோது என்டோஸ்கோப்பி பக்கத்தில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் கடைசியில் ஆபரேஷனுக்கே வந்து சேர்ந்திருந்தார்கள். 39 பேர் குறைவுதானே என்று கேட்கலாம், சரியான கேள்வி. அதனால் 2020இல் எஸ்கேப் என்ற பெயரில் 88 பேரை வைத்து இன்னொன்று வந்தது. சீக்கிரமே ஆபரேஷன் செய்தவர்கள் ஒரு பக்கம். மருந்து, பிறகு என்டோஸ்கோப்பி, முடியாவிட்டால் ஆபரேஷன் என்று படிப்படியாகப் போனவர்கள் மறு பக்கம். 18 மாதத்தில் வலியின் சராசரி மதிப்பெண் (0 முதல் 100 வரை, கூடினால் வலி கூடுதல்) 37க்கு 49, ஆபரேஷன் பக்கம்தான் குறைவு. சிக்கல்களோ இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு, 27 சதவீதமும் 25 சதவீதமும். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், 18 மாத முடிவில் வலி முழுக்கவோ ஓரளவோ நீங்கியவர்களின் எண்ணிக்கையை மட்டும் எடுத்தால் ஆபரேஷன் பக்கம் 58 சதவீதமும் மறு பக்கம் 39 சதவீதமும்தான், அந்த வித்தியாசம் உறுதியாக நிரூபணமாகவில்லை. ஆபரேஷன் செய்த எல்லாருக்கும் வலி போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஏன் சீக்கிரம்? வலி வருஷக்கணக்கில் நீடித்தால் நரம்பும் மூளையும் அந்த வலிக்குப் பழகிவிடுகின்றன, அடைப்பை நீக்கிய பிறகும் வலி தானாக ஓடுகிறது. வலி தொடங்கி மூன்று வருஷத்துக்குள், அபின் வகை வலி மருந்துக்குப் போகுமுன், என்டோஸ்கோப்பி ஐந்தைத் தாண்டுமுன் ஆபரேஷன் செய்தவர்களுக்குப் பலன் கூடுதல் என்று இன்னோர் ஆய்வு காட்டியது. தம்பிக்கு இந்த மூன்று எல்லையும் தாண்டியிருந்தது. அதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை.

எனவே என் கருத்து இது. ஆபரேஷன் தாங்கும் உடம்பு, ஊதிய குழாய், நிறையக் கல், இளவயது, தொடர்ந்த வலி என்றால் முதல் மாதத்திலேயே ஒரு கணைய சர்ஜனையும் பாருங்கள், பார்ப்பதால் ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும் என்று கட்டாயமில்லை. ஸ்டென்ட்டைத் தேர்ந்தெடுத்தால் ஒரு முடிவுத் தேதியோடு தேர்ந்தெடுங்கள். வைக்கிற அன்றே டாக்டரிடம் கேளுங்கள்: எத்தனை தடவை மாற்றுவீர்கள், எந்தத் தேதியில் பலனில்லை என்று ஒத்துக்கொள்வோம், அப்போது என்னை யாரிடம் அனுப்புவீர்கள்? செலவுக் கணக்கும் அப்படியே போடுங்கள், ஒரு ஸ்டென்ட்டின் விலையை ஓர் ஆபரேஷனோடு ஒப்பிடாமல், நாலைந்து ஸ்டென்ட்டும் இடையில் அட்மிட் ஆன நாட்களும் போன சம்பளமும் சேர்த்து ஒப்பிடுங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கணையம் உட்பட ஜீரண உறுப்புகளுக்கென்று தனி சர்ஜரித் துறையே இருக்கிறது, வேலூர் சிஎம்சியிலும் இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எந்தச் சிகிச்சை அதில் வரும் என்று அங்கேயே கவுன்டரில் கேட்டுவிடுங்கள், ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும்.

ஸ்டென்ட் உள்ளே இருக்கிற எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். வைத்த தேதியையும் எடுக்க வேண்டிய தேதியையும் ஒரு அட்டையில் எழுதி, ஃபைலில் ஒன்றும் பர்ஸில் ஒன்றும் வையுங்கள், வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிவையுங்கள். வலி இல்லை என்பதற்காக ஸ்டென்ட்டை மறந்துவிட்டு ஒன்றரை வருஷம் கழித்துக் காய்ச்சலோடு வந்தவரை நாங்கள் பக்கத்துப் படுக்கையில் பார்த்தோம்.

தம்பிக்கு ஆபரேஷன் முடிந்து பதினான்கு மாதம் ஆகிறது. வலி முழுக்கப் போகவில்லை, மாதத்தில் இரண்டு மூன்று நாள் வருகிறது, சாதாரண மாத்திரைக்கு அடங்கிவிடுகிறது. எட்டுக் கிலோ ஏறியிருக்கிறான். சுகர் வந்துவிட்டது, அது ஆபரேஷனால் வந்ததில்லை, கணையம் முன்னாடியே அடி வாங்கியிருந்தது, இன்சுலின் போட்டுக்கொள்கிறான். சோற்றில் முதல் கவளம் எடுக்கும்போது மாத்திரை டப்பாவைத் திறக்கிறான். இரவு மல்லாந்து படுத்துத் தூங்குகிறான், அம்மா அதை எழுந்து எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள்.